அழிந்த அமைப்பு எங்கெங்கே மிச்சம் இருந்தது: வன்னிக் கூட்டுறவுச் சங்கமொன்றில் தொலைபேசித் தொகுதி மீட்பு

பின்னணி

ஏ9 வீதியோரம், கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள ஒரு பல நோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 2022 மார்ச்சில் நடந்த விடயம் இது; மீட்பு வேலைக்கு வவுனியாவிலிருந்து போனவர்கள் நாங்கள். சங்கத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். ஒரே வளவுக்குள் தலைமை அலுவலகம், கிராமிய வங்கி, களஞ்சியம், முன்பக்கம் வீதியைப் பார்த்தபடி எரிபொருள் நிலையம். இவற்றுக்குள் 22 மேசைத் தொலைபேசிகள். வெளியிலிருந்து நான்கு செப்புக்கம்பி இணைப்புகள்: ஒன்று பொது இலக்கம், ஒன்று வங்கி, ஒன்று எரிபொருள் நிலையம், நான்காவது பின்னாளில் களஞ்சியத்துக்கென எடுத்தது.

இவை எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தது ஒரு சிஸ்கோ 2811 றவுட்டர். போர் முடிந்தபின் இங்கே வந்து வேலை செய்த தொண்டு நிறுவனம் ஒன்று அலுவலகத்தை மூடியபோது, கருவிகளை அடுக்கி வைக்கும் சட்டமான ராக்கோடு கொடுத்துவிட்டுப் போனது. பார்க்க இணையப் பெட்டி மாதிரி இருந்தாலும், உள்ளே கோல்மனேஜர் எக்ஸ்பிரஸ் என்ற மென்பொருள் ஓடுவதால் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தின் வேலையையும் அதுவே செய்யும். இந்த வரிசைக் கருவிகளுக்கான உற்பத்தியாளர் ஆதரவு 2016 உடன் முடிந்துவிட்டது. அதை அமைத்துக் கொடுத்தவர் வெளிநாடு போய் நீண்ட காலம். அவர் எழுதிவைத்த குறிப்பு என்று எதுவும் அலுவலகத்தில் இல்லை.

பின்னால் வருவது விளங்க வேண்டுமென்றால் ஒரு சின்ன விளக்கம் தேவை. இந்தக் கருவியில் அமைப்பு விபரம் இரண்டு இடத்தில் இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது சாதாரண நினைவகத்தில். கருவி நின்றால் போய்விடும். மறுபடி எழும்பும்போது வாசிப்பதற்கான பிரதி என்விராம் என்ற நிலையான நினைவகத்தில். இவை இரண்டையும் தவிர, ஒரு கொம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை செருகப்பட்டிருக்கும். இயங்குதளக் கோப்பும் தொலைபேசிகளுக்கான மென்பொருளும் அதில்தான். என்விராமை அழித்தால் ஃபிளாஷ் அட்டைக்கு ஒன்றும் ஆகாது. எங்களைக் காப்பாற்றியது இந்தப் பிரிவுதான்.

காலத்தையும் சொல்லவேண்டும். கால போக அறுவடை நேரம். முந்தைய வருடத்து இரசாயன உரத் தடையால் விளைச்சல் குறைந்து போயிருந்தது. விளைந்ததை வெட்டவும் அறுவடை இயந்திரத்துக்கு டீசல் இல்லை. நீர்ப்பம்பிக்கு மண்ணெண்ணெய் தேடி ஆட்கள் அலைந்தார்கள். பவுசர் எப்போது வரும் என்று கேட்டு எரிபொருள் நிலையத்துக்கு நாள் முழுக்கக் கோல். மின்வெட்டோ அந்த மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வெட்டு நீண்டால் கைத்தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் இறங்கிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் நிலையான தொலைபேசி நிற்பது சின்ன விடயமல்ல.

அன்று நடந்தது

சங்கத்தின் கணினி வேலைகளைப் பார்க்கும் இளைஞர் ஒருவர், ராக்கின் மேல்தட்டில் சும்மா கிடந்த பழைய வலையமைப்புச் சுவிட்ச் ஒன்றைச் சுத்தமாக்கி அரிசி ஆலைக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார். கருவிக்கு நேரடியாகக் கட்டளை கொடுப்பதற்கென ராக்கிலிருந்து தொங்கிய நீலநிறக் கொன்சோல் வயரைத் தன் மடிக்கணினியில் செருகினார். அந்த வயரின் மறுமுனை சுவிட்சில் இருக்கிறது என்று நினைத்தார். அது றவுட்டரில் இருந்தது.

திரையில் வந்த பெயர் சங்கத்தின் சுருக்கப் பெயர். சுவிட்சின் பெயரும் அதுவே என்பது அவருக்குத் தெரியும். றவுட்டரின் பெயரும் அதுவே என்பது தெரியாது. கடவுச்சொல் கேட்கவில்லை. அப்புறம், சுவிட்சைத் துடைக்க எல்லோரும் செய்கிற வேலையைச் செய்தார். என்விராமை அழிக்கும் ‘ரைட் இரேஸ்’ கொடுத்தார். ஃபிளாஷைப் பட்டியலிட்டுப் பார்த்து, பழைய அமைப்புக் கோப்பு போலத் தெரிந்த ஒன்றையும் அழித்தார். பிறகு, கருவியை மறுபடி எழுப்பும் ‘ரீலோட்’. மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டதற்கு இல்லை என்றார். சுவிட்சென்றால் ஒவ்வொரு படியும் சரியானது. என்விராமை அழிக்கும் முன் வரும் எச்சரிக்கை இரண்டு கருவியிலும் ஒரே வசனம்தான், ஆகவே அதுவும் அவரைத் தடுத்திருக்காது.

சில நிமிடங்களில் வளவிலிருந்த எல்லாத் தொலைபேசிகளும் ‘பதிவாகிறது’ என்ற வசனத்தில் நின்றுவிட்டன. கொன்சோல் திரையில், ஆரம்ப அமைப்பு உரையாடலுக்குப் போகவா என்ற கேள்வி. தன் கைத்தொலைபேசியில் எங்களை அழைத்தார்.

“அண்ணை, போன் எல்லாம் நிண்டுட்டுது. நான் சுவிட்சை அழிக்கேல்ல, மற்றதை அழிச்சிட்டன் போல கிடக்கு.”

இந்த ஒரு வசனத்தை மறைக்காமல் உடனே சொன்னது பெரிய உதவி. என்ன கட்டளை, எந்த வரிசையில் என்று கேட்டோம். ஞாபகத்திலிருந்து சொல்லாமல் மடிக்கணினியின் திரையை மேலே உருட்டி வாசித்தார். ‘ரீலோட்’ கொடுக்காமல் இருந்திருந்தால் ஓடிக்கொண்டிருந்த பிரதியை ஒரே கட்டளையில் என்விராமுக்கு எழுதி, ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அந்த வாசல் மூடிவிட்டது என்பது அந்த அழைப்பிலேயே தெரிந்தது.

கோலிலேயே எடுத்த முடிவுகள்

நாங்கள் வவுனியாவில். அங்கே போய்ச் சேரும்வரை என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்பதை முதலில் தீர்மானித்தோம்.

றவுட்டரில் இனி ஒரு எழுத்தும் தட்டக்கூடாது என்றோம். ஃபிளாஷிலிருந்து அழித்த அந்தக் கோப்புத்தான் காரணம். இத்தகைய அட்டைகளில் கோப்பு முறை ஃபாட் வகை. அழி என்றால் பெயர்ப் பதிவின் முதல் எழுத்தை மாற்றி, அந்த இடம் காலி என்று குறிப்பது மட்டும்தான். உள்ளடக்கம், அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும்.

அலுவலகத்தில் ஒருவர், முழு ராக்கையும் ஒருக்கால் நிறுத்திப் போட்டால் சரிவரலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். அதையும் தடுத்தோம். தொலைபேசிகளுக்கு மின்சாரம் கொடுப்பது அதே ராக்கிலுள்ள இன்னொரு சுவிட்ச். அது நின்றால் தொலைபேசிகள் புதிதாக எழும்பி, தங்களிடம் இருக்கும் பழைய வலையமைப்பு விபரங்களை இழந்துவிடலாம்.

அடுத்தது சேவை. நான்கு வெளி இணைப்புகளையும் றவுட்டரிலிருந்து கழற்றி, சாதாரண மேசைத் தொலைபேசிகளில் நேராகச் செருகச் சொன்னோம். களஞ்சியத்தில் பழைய பொத்தான் போன்கள் தூசி படிந்து கிடந்தன. செப்புக்கம்பி இணைப்புக்கு மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே வருவதால் மின்வெட்டிலும் அவை வேலை செய்யும். மதியத்துக்கு முன்னரே வெளியிலிருந்து வரும் கோல்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது. உள்ளுக்குள் மாற்றிவிட முடியாது. வரவேற்பு மேசையிலிருந்து ஆள் ஓடிப்போய்த்தான் கூப்பிடவேண்டும். ஆனால் அவசரம் தணிந்தது. அவசரம் தணியாவிட்டால் மீட்பு வேலையில் ஆள் ஆளுக்குத் தலையிடுவார்கள். மீட்க இருந்ததும் போய்விடும்.

அங்கே பார்த்தவை

பிற்பகல் மின்வெட்டுக்கு அதிக நேரம் இருக்கவில்லை. யூபிஎஸ் பற்றரிகள் கிழமைக்கணக்காகத் தினமும் இறங்கி ஏறிக் களைத்துப் போயிருந்தன. ஆகவே மின்சாரம் போனால் எவை மறையுமோ அவற்றை முதலில் எடுத்தோம்.

தொலைபேசிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் யாராலும் தொடப்படாமல் அப்படியே இருந்தது. அதன் அமைப்பில் கணினிகளுக்கு ஒரு வீலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு), குரலுக்கு இன்னொரு வீலான் என்று தெளிவாக இருந்தது. அதைவிடப் பெரிய புதையல், அந்தச் சுவிட்ச் தன் அயலவர்களைப் பற்றி வைத்திருந்த பட்டியல். இந்த நிறுவனத்துக் கருவிகள் சிடிபி என்ற முறையில் தங்களைத் தாங்களே ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துகொண்டே இருக்கும். தொலைபேசி ஒவ்வொன்றும் எஸ்இபி என்ற மூன்றெழுத்தோடு, தனக்கே உரிய வன்பொருள் இலக்கமான மாக் முகவரியைச் சேர்த்துப் பெயராகச் சொல்லும். கோல்மனேஜர் எக்ஸ்பிரஸுக்கு ஒரு தொலைபேசியை அறிமுகப்படுத்தத் தேவையானதும் அந்த முகவரிதான். ஒரே கட்டளையில் 22 முகவரிகளும், எந்தத் தொலைபேசி சுவிட்சின் எந்தத் துளையில் என்பதும் திரைக்கு வந்தன. சேமித்துக்கொண்டோம். ஒவ்வொரு மேசையாகப் போய்த் தொலைபேசியைக் கவிழ்த்து, பின்பக்க ஒட்டுத்தாளில் பன்னிரண்டு எழுத்தையும் இலக்கத்தையும் பார்த்து எழுதுவதென்றால் பிழை வராமல் இராது.

பிறகு இரண்டு மூன்று தொலைபேசிகளில் அமைப்புப் பட்டிக்குள் போய், தன் ஐபி முகவரி, வீலான் இலக்கம், தனக்கான கோப்புகளை எடுக்கும் டிஎஃப்டிபி சேவையகம் என்று அவை காட்டியவற்றைப் படம் எடுத்தோம். றவுட்டர் முன்பு எந்த முகவரியில் இருந்தது என்பது இதிலிருந்து கிடைத்தது. முகவரிகளை ஒரு நாள் குத்தகைக்குக் கொடுப்பதே இந்த றவுட்டர்களின் வழமை; அன்று விட்டிருந்தால் மறுநாள் இதுவும் மறைந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் றவுட்டரை நிறுத்தி ஃபிளாஷ் அட்டையைக் கழற்றினோம்.

அட்டையிலிருந்து கோப்பு

அட்டையை வாசிப்பானில் போட்டதும் முதல் வேலை, அதன் முழுப் பிரதியை ஒரு படிமக் கோப்பாக எடுப்பது. லினக்ஸில் இதற்கு ‘டிடி’ போதும். அதன் பின் அட்டையைத் தொடவில்லை, தேடல் எல்லாம் பிரதியில்தான். ஒரு தேடல் கருவி பிழையாக எதையாவது எழுதிவிட்டாலும் மூலம் தப்பும்.

டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி, அழிக்கப்பட்ட கோப்பின் பெயரை முதல் எழுத்து இல்லாமல் காட்டியது. மீட்டு எடுத்துத் திறந்தால் முதல் பகுதி ஒழுங்கான அமைப்பு வரிகள். நடுவிலிருந்து வெறும் குப்பைக் குறிகள். ஃபாட் முறையில் அழிக்கும்போது, கோப்பின் துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற சங்கிலியும் போய்விடும். மீட்கும் கருவி, துண்டுகள் ஒன்றையடுத்து ஒன்று இருக்கும் என்று ஊகித்துத்தான் எடுக்கிறது. இந்தக் கோப்பு எழுதப்பட்டபோது தொடர்ச்சியான இடம் கிடைக்கவில்லை போலும். நடுவில் தொலைபேசி மென்பொருள் ஒன்று குந்தியிருந்தது.

உள்ளடக்கம் வெறும் எழுத்து என்பதால் வேறு வழி இருந்தது. உள் இணைப்புகளை வரையறுக்கும் வரிகள் எல்லாம் ‘ஈபோன்-டிஎன்’ என்ற சொல்லில் தொடங்கும். முழுப் படிமத்திலும் அந்தச் சொல்லைத் தேடினோம். அட்டையின் வேறொரு மூலையில் மிச்சப் பகுதி தொடர்ச்சியாகக் கிடந்தது. முதல் துண்டு எந்த வரியின் நடுவில் அறுந்ததோ, அந்த வரியின் மீதியோடு இரண்டாவது தொடங்கியது. ஒட்டிப் பார்த்ததில் இடைவெளி இல்லை.

தலைப்பில் கடைசியாக மாற்றிய திகதி இருந்தது: 2016. அப்போது சங்கத்தில் 14 தொலைபேசிகளும் மூன்று வெளி இணைப்புகளும்தான். அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள் எதுவும் கோப்பில் இல்லை.

பழைய கோப்பு விட்ட இடைவெளிகள்

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழையதை அப்படியே ஏற்றி, மேலே திருத்துவது. மற்றது, பழைய கோப்பை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதுவது. மூன்றாவதாகப் பொது முகாமையாளர் கேட்டது: இந்தப் பழைய பெட்டியை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினால் என்ன? நியாயமான கேள்வி. ஆனால் டொலர் இல்லாத அந்த மாதத்தில் கொழும்பில் பொருள் இருந்தாலும் விலை தினமும் ஏறியது. இருக்கிற தொலைபேசிகளை வேறு தொகுதிக்கு மாற்ற அவற்றின் மென்பொருளையும் மாற்றவேண்டும். கருவியில் பழுது ஒன்றும் இல்லை. முதலாவது வழியை எடுத்தோம். குறைகளைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான வேலையாக இருந்தது.

இதில் அதிகம் கற்றுத் தந்தவர் வரவேற்பு மேசையில் இருந்த அக்கா. எந்த இலக்கம் யாருக்கு, பொது இலக்கத்துக்குக் கோல் வந்து தான் எடுக்காவிட்டால் அடுத்து எந்த மேசையில் அடிக்கும், மதிய உணவு வேளையில் எங்கே போகும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஒரு கொப்பியில் அவர் சொல்லச் சொல்ல எழுதி, சுவிட்சின் துளை வரிசையோடும் அறைகளோடும் பொருத்திப் பார்த்தோம். புதிய எட்டுத் தொலைபேசிகளும் இப்படித்தான் வந்து சேர்ந்தன.

ஒரு இடத்தில் மட்டும் தடுமாறினோம். உள் இணைப்புகள் 101 இல் தொடங்கி வரிசையாகப் போகின்றன. 110 உம் 119 உம் மட்டும் இல்லை. கோப்பில் ஏதோ துண்டு விடுபட்டுவிட்டது என்று நினைத்து, படிமத்தில் அவற்றைத் தேடி நேரம் போனது. அக்காவிடம் கேட்டபோது அவர் சிரித்தார்.

“தம்பி, அந்த ரெண்டு நம்பரும் எங்களிட்டை ஒருநாளும் இருக்கேல்ல. 119ஐ அமத்தினால் பொலிஸ் எல்லே வரும்.”

அதுதான் காரணம். 110 தீயணைப்பு, 119 பொலிஸ். வெளி இணைப்புக்கு வழமையாக அழுத்தும் ஒன்பதை அழுத்தாமலே வெளியே போக அந்த இரண்டையும் முன்பு அமைத்தவர் விட்டுவைத்திருக்கிறார். உள் இணைப்புக்கு அதே இலக்கத்தைக் கொடுத்தால் அவசரக் கோல் களஞ்சியத்தில் போய் அடிக்கும். கோப்பின் பிற்பகுதியில் அந்த இரண்டுக்குமான வரிகளும் இருந்தன. குறிப்பு எழுதாமல் போனாரே என்று அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சல் அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்தது.

மாறாக 1990 என்ற அவசர இலக்கம் கோப்பில் இல்லை. சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை வடக்குக்கு வந்தது 2018 இல்தான். 2016 கோப்பில் எப்படி இருக்கும்? பின்னாளில் யாரோ சேர்த்திருக்கிறார்கள், அதுவும் என்விராமோடு போய்விட்டது. எரிபொருள் வரிசையில் வெயிலில் நின்று ஆட்கள் மயங்கி விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. முதலில் சேர்த்த புதிய வரி இதுதான்.

ஏற்றும்போது வந்தவை

கோப்பை முழுதாக ஒரே தடவையில் ஒட்டவில்லை. கொன்சோல் வேகம் நொடிக்கு 9600 பிட். பெரிய துண்டாக ஒட்டினால் நடுவில் எழுத்துகள் தவறிவிடும், எது தவறியது என்றும் தெரியாது. பகுதி பகுதியாக ஒட்டி, ஒவ்வொன்றின் பின்னும் என்விராமுக்கு எழுதினோம். மின்வெட்டு அட்டவணைப்படி வந்தது, சில தடவை அட்டவணைக்கு முன்னும் வந்தது. எழுதிய எதையும் இழக்கவில்லை.

எல்லா வரியும் பிழையின்றி ஏறிய பின்னும் ஒரு தொலைபேசியும் எழும்பவில்லை. காரணம் தெரிந்தவர்களுக்குப் பழைய கதை. வெறுமையான றவுட்டரின் வலையமைப்புத் துளைகள் மூடிய நிலையில் இருக்கும். திறந்திருக்கும் துளையைப் பற்றிச் சேமித்த கோப்பில் ‘திறந்திரு’ என்று ஒரு வரி எழுதப்படுவதில்லை. மூடியிருந்தால் மட்டுமே அது எழுதப்படும். ஆகவே கோப்பை ஒட்டினால் முகவரி வரும், துளை திறக்காது. ‘நோ ஷட்டவுன்’ கையால் கொடுக்கவேண்டும். கொடுத்ததும் தொலைபேசிகள் ஒவ்வொன்றாகப் பதிவாகத் தொடங்கின.

பழைய கோப்பில் கடவுச்சொல், திரும்ப வாசிக்க முடியாத குறியீடாக இருந்தது. அதை ஒட்டியிருந்தால், யாருக்கும் தெரியாத கடவுச்சொல்லோடு கருவியைப் பூட்டியிருப்போம். அந்த வரியை நீக்கிப் புதியது வைத்தோம்.

1990 என்ற இலக்கத்திலும் ஒரு சிக்கல். ஒன்பதை அழுத்தி 1990 அழுத்தினால், வெளி இணைப்பு எடுபடுகிறது, ஆனால் காதில் டயல் ஒலி தொடர்ந்து கேட்டபடி இருக்கிறது. வெளி இணைப்புக்குப் போகும் வரிகளில், விதியில் அப்படியே எழுதப்பட்ட இலக்கங்களை இந்த மென்பொருள் உரித்துவிட்டு மிச்சத்தைத்தான் அனுப்பும். ஏழு இலக்க உள்ளூர் அழைப்புக்கு விதியில் ஒன்பது மட்டும் வெளிப்படையாக இருக்கும், மிச்சம் ‘எந்த இலக்கமும்’ என்ற குறி. ஒன்பது உரிந்து ஏழும் போகும். 91990 என்று முழுவதையும் எழுதினால் எல்லாமே உரிந்து, ஒன்றும் போகாது. கடைசி நான்கு இலக்கத்தை அனுப்பு என்று தனியாகச் சொல்லவேண்டியிருந்தது. இதே காரணத்தால்தான் பழைய கோப்பில், சுழியத்தில் தொடங்கும் பத்து இலக்க விதியில், உரிந்த சுழியத்தை மறுபடி முன்னால் சேர்க்கும் வரி ஒன்று இருந்தது. தேவையற்ற வரி என்று யாரும் நீக்கிவிடக் கூடியது அது.

எந்தச் செப்புக்கம்பி எந்த இலக்கம் என்பதை, சாதாரண போனைச் செருகி எங்கள் கைத்தொலைபேசிக்கு அழைத்துப் பார்த்துக் குறித்தோம். கட்டணப் பற்றுச்சீட்டுகளோடும் ஒத்துப்போனது.

விளைவு

சங்கம் முற்றாகத் தொடர்பற்று இருந்தது அன்று காலையில் சில மணித்தியாலங்கள்தான். பொத்தான் போன்கள் வந்ததும் அது முடிந்தது. பொது இலக்கம், வங்கி, எரிபொருள் நிலையம் மூன்றும் மறுநாளே பழையபடி றவுட்டருக்குத் திரும்பின. உள் இணைப்புகள் முழுவதும் அந்தக் கிழமைக்குள் வந்தன. வெளிக் கோல் வரும் வழியை முதலில், உள்ளுக்குள் பேசும் வழியைப் பிறகு என்று வரிசை வைத்தோம். முகாமையாளருக்கு இது முதலில் உவப்பாக இருக்கவில்லை. பிரிவுகளுக்கிடையே பேச முடியாமல் இருப்பது அவருக்குப் பெரிய இடைஞ்சல். ஆனால் வளவுக்குள் நடந்துபோய்ப் பேசலாம், துணுக்காயிலிருந்தோ அக்கராயனிலிருந்தோ டீசல் கேட்டு எடுப்பவர் நடந்து வர முடியாது.

ஒரு குறை பிந்தித்தான் தெரிந்தது. களஞ்சியத்து இணைப்பு சில நாட்களில் இடையிடையே ‘எங்கேஜ்’ ஆகவே நின்றது. அழைத்தவர் வைத்துவிட்டாலும் றவுட்டர் அதை உணராமல் பிடித்துக்கொண்டிருந்தது. வைத்ததை அறிய, பரிவர்த்தனை நிலையம் அனுப்பும் ஒலியின் அதிர்வெண்ணையும் விட்டு விட்டு வரும் கால அளவையும் றவுட்டருக்குச் சொல்லியிருக்கவேண்டும். 2016 கோப்பில் அந்த அளவுகள் மூன்று துளைகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. களஞ்சியத்து இணைப்பு பின்னால் வந்ததால் நான்காவது துளைக்கு இல்லை. அதே வரிகளை அதற்கும் கொடுத்ததும் அந்தக் குறை தீர்ந்தது. அந்த அளவுகள் கோப்பில் கிடைக்காமல் போயிருந்தால், ஒலியைப் பதிவு செய்து அளந்துதான் கண்டுபிடித்திருக்கவேண்டும்.

ஏன் நடந்தது

அந்தத் தம்பி கவனமில்லாதவர் என்று எழுதிவிட்டு முடிப்பது சுலபம். மீட்ட கோப்பு வேறு கதை சொன்னது. கொன்சோல் பகுதியில் இரண்டு வரிகள்: ஒன்று, எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் வெளியேற்றாதே, மற்றது, கொன்சோலில் வருபவருக்குக் கடவுச்சொல் இல்லாமலே முழு அதிகாரமும் கொடு. அமைக்கும் காலத்தில் வசதிக்காகப் பலரும் போடுவது, பிறகு எடுக்க மறப்பது. அதோடு இரண்டு கருவிக்கும் ஒரே பெயர். ராக்கில் ஒரு வயரிலும் ஒட்டுத்தாள் இல்லை. இந்த மூன்றில் எது இல்லாதிருந்தாலும் அவர் நின்று யோசித்திருப்பார். சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குக் கொடுத்த அறிக்கையில் இதையே எழுதினோம்; அவர்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை.

மாற்றியவை

கருவி ஒவ்வொன்றுக்கும் அது இருக்கும் இடமும் அதன் வேலையும் தெரிகிற மாதிரித் தனிப் பெயர். கொன்சோலுக்குக் கடவுச்சொல், ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் வெளியேற்றம். கடவுச்சொற்கள் ஒட்டிய உறையில் பொது முகாமையாளரின் இரும்புப் பெட்டிக்குள்.

அமைப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிரதி தானாக அலுவலகக் கணினி ஒன்றுக்குப் போகும்படி ‘ஆர்கைவ்’ வரிகள் சேர்த்தோம். ஃபிளாஷ் அட்டைக்கு அதே அளவில் இன்னொன்று தேடி வாங்கி, படிமத்தை அதில் எழுதி, றவுட்டரை அதிலிருந்து ஒருமுறை எழுப்பியும் பார்த்தோம். எழுப்பிப் பார்க்காத பிரதியை நான் பிரதி என்று கணக்கில் எடுப்பதில்லை. அதோடு, அச்செடுத்த பட்டியல் ஒன்று: உள் இணைப்பு இலக்கம், மாக் முகவரி, சுவிட்ச் துளை, அறை. 110, 119 ஆகியவை ஏன் காலியாக இருக்கின்றன என்பதும் அதில் ஒரு வரி. வரவேற்பு அக்கா அதைப் பார்த்துவிட்டு, மதிய உணவு வேளை ஒழுங்கு பிழை என்று பேனையால் திருத்தித் தந்தார். அதன்படி றவுட்டரையும் திருத்தினோம்.

நான்கு பொத்தான் போன்களும் ராக்கின் கீழ்த்தட்டில், செருகத் தயாராக வயரோடு இருக்கின்றன. அவற்றுக்கு மேலே, எந்த வயரைக் கழற்றி எதில் செருகுவது என்று படத்தோடு ஒரு தாள். அந்த வருட மழைக்காலத்து இடி மின்னலில் சுவிட்சின் மின்வழங்கி பழுதானபோது எங்களுக்குச் சொல்வதற்கு முன்னரே அந்தத் தாளைப் பார்த்து வரவேற்பு மேசையே மாற்றிவிட்டது.